நெகேமியா அழுத மாதங்கள்

2024 அக்டோபர் 4, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் சத்துணவு முடிந்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்படியே சபைக்கு ஓடினேன். உபவாச ஜெபத்தில் பெண்களுக்கு நான்தான் பேச வேண்டும். வேதத்தில் வரும் தலைவர்களைப் பற்றி வாரம் ஒருவராகப் பேசு என்று பாஸ்டர் ஒப்படைத்திருக்கிறார். தலைப்பு நான் வைத்தது: ‘எழும்புமுன் உட்கார்ந்தவர்கள்.’ போன வாரம் மோசே. இன்று நெகேமியா, தூர தேசத்து ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்தவர். எருசலேமின் அலங்கம், அந்தக் கோட்டைச் சுவர், இடிந்து கிடக்கிறது என்று கேட்டதும் அவர் உடனே கிளம்பிவிடவில்லை. உட்கார்ந்து அழுதார். சாப்பிடாமல் ஜெபித்தார். அதைக் கட்டப் போகிறேன் என்று ராஜாவிடம் வாய் திறக்கவே மாதங்கள் ஆயின. அங்கே போன பிறகும் யாரிடமும் சொல்லாமல் இடிந்த இடத்தையெல்லாம் முதலில் சுற்றிப் பார்த்தார்.

நன்றாக இருந்தது என்றார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

மலையிலிருந்து அபிநயா போன் செய்தாள். அவளுக்கு ஆறாவது மாதம். கொட்டாம்பாறைப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனவள், அந்த ஊர் தமிழ்வேந்தனையே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். இன்னாம்மா இன்னிக்குப் பேசின என்று கேட்டாள். சொன்னேன்.

“ஒக்காந்து அழுதா ரெடியாவறதுன்னு அர்த்தமாம்மா?” என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கொட்டாம்பாறை போய் அபிக்கு வளையல் போட்டுவிட்டு வந்தோம். ஜீப் தார் ரோட்டோடு நின்றுவிடும். அப்புறம் ஓடையைத் தாண்டி நடைதான். இவர் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார். கையோடு கள்ளக்குறிச்சிக்கு அழைத்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். “அரையாண்டுப் பரிட்ச முடியட்டும்மா. புள்ளைங்கள வுட்டுட்டு எப்பிடி வர்றது? தையிலதான டேட்டு” என்றாள். சம்பந்தியம்மா ரங்கம்மாளும், நான் பாத்துக்கறேன், நீங்க கவலப்படாம போங்க என்றார்.

வீட்டில் அவளுக்கான அறைக்கு இவர் வெள்ளையடித்து ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறார். கொத்தனார் வீட்டுக்கு வெளியாள் எதற்கு என்று ஒரே ஜம்பம்.

நவம்பர் 30, சனி

புயல். காலையிலிருந்து விடாத மழை. அபி போன் போகவில்லை. மலையில் மழை என்றாலே டவர் இருக்காது.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை. போன் போகவில்லை.

டிசம்பர் 4, புதன்

அபி இல்லை. குழந்தையும் இல்லை.

டிசம்பர் 12, வியாழன்

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாவிட்டால் மட்டும் நடக்கவில்லை என்றாகிவிடுமா.

தமிழ்வேந்தன் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வலி வந்துவிட்டது. நாள் இருக்கிறதே என்று சம்பந்தியம்மா கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார். அப்புறம் ரத்தம். மூங்கிலில் புடவையைக் கட்டித் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். ஓடை கரைக்கு மேலே ஓடியிருக்கிறது. நாலு ஆண்கள் கயிறு கட்டி நின்றும் இறங்க முடியவில்லை. தண்ணீர் வடியும்வரை பாறை மறைவில் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அங்கேயே குழந்தை. அழவில்லை. ஓடையைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நிற்கிறது. அதில் ஏற்றும்போது உயிர் இருந்ததாம். கச்சிராயப்பாளையம் வரும்போது இல்லை.

“கடசியா இன்னா சொன்னா மாப்ள?”

“குளுருதுன்னு சொன்னா அத்த. வேற ஒண்ணும் சொல்லல.”

ஆஸ்பத்திரியில் வளையலை எல்லாம் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். நான் போட்டுவிட்ட வளையல். ஒன்றுகூட உடையவில்லை. அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தும் ஒண்ணுகூட ஒடையல. இது மட்டும் எப்பிடி?

பாஸ்டர் அடக்கத்தில் யோபு சொன்னதைச் சொன்னார்: கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்தோம்.

டிசம்பர் 15, ஞாயிறு

வேதத்தில் தாவீது ராஜா, தன் பிள்ளை செத்துப்போன பிறகு எழுந்து குளித்துச் சாப்பிட்டான். இனி நான் அதைத் திரும்பி வரப்பண்ணக் கூடுமோ என்றான். அவனால் முடிந்திருக்கிறது.

டிசம்பர் 18, புதன்

எங்கள் தெருவில் கட்சி வேலை பார்க்கும் தெய்வசிகாமணி வந்தார். கொட்டாம்பாறைக்கு ரோடு கேட்டுக் கச்சிராயப்பாளையம் ரோட்டில் மறியலாம். “நீங்க முன்னால ஒக்காந்தா போதும்மா. பாப்பா போட்டோவ பெரிசா அடிச்சிடலாம். டிவிக்காரங்கள நான் கூட்டியாறேன். ரோடு தானா வரும்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் பேசினார். ஆனால் எந்தப் போட்டோ என்று கேட்டார்.

“இப்ப வேணாங்க” என்றேன்.

அவர் போனதும் இவர் கத்தினார். “எப்ப வேணும்? சொல்லு. வெள்ளிக்கெழமைன்னா ஊருக்கெல்லாம் பேசற. பெத்த பொண்ணுக்கு வாயத் தொறக்க மாட்ட. அவங்க உக்காந்தாங்க இவங்க உக்காந்தாங்கன்னு நீயும் உக்காந்துக்கினே இரு.”

டிசம்பர் 20, வெள்ளி

இவர் மட்டும் மறியலுக்குப் போனார். போலீஸ் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டார்கள். ரோடு போட நடவடிக்கை எடுப்பதாக அதிகாரிகள் சொன்னார்களாம். வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் படுத்துக்கொண்டார்.

இது காத்திருப்பதா, பயமா? நெகேமியாவுக்கு எப்படித் தெரிந்தது?

டிசம்பர் 25, புதன்

வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. சபைக்குப் போகவில்லை.

2025 ஜனவரி 10, வெள்ளி

விஜயலட்சுமி அக்கா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். சபையில் எனக்கு மூத்தவள் அவள். “நீ பேச வேணாம் செல்வி. வந்து ஒக்காரு, போதும்.”

ஆனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முன்னால் போய் நின்றேன். வேதத்தைத் திறந்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. “என்னால முடியல. ஒக்காந்துகினு இருக்கலாம்” என்றேன்.

உட்கார்ந்தோம். யாரும் ஜெபம் சொல்லவில்லை, பாட்டு எடுக்கவில்லை. விஜயலட்சுமி அக்காவின் முழங்கால் என் முழங்காலில் பட்டுக்கொண்டே இருந்தது. தீர்க்கதரிசி எசேக்கியேல், சிறைப்பட்டுப் போன ஜனங்கள் நடுவில் போய், ஒன்றும் பேசாமல் திகைத்து உட்கார்ந்திருந்தார் என்று வருகிறது. ஒரு வாரம் அப்படியே. பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது. எத்தனை தடவை படித்திருக்கிறேன். அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்ததே இல்லை.

கிஸ்லே மாதத்தில் நெகேமியா சேதி கேட்டார். கிஸ்லே என்றால் நம் கார்த்திகை, மார்கழி. அபி போனதும் கார்த்திகைதான். இதை இன்று சபையில் இருக்கும்போதுதான் கவனித்தேன். அவர் ராஜாவிடம் பேசியது நிசானில். பங்குனியில். அவர் அழுதது ரெடியாவதற்காக இல்லை, அபி. அழுகை வந்தது, அழுதார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஜனவரி 25, சனி

யாரிடமும் சொல்லாமல் மலைக்குப் போனேன். சம்பந்தி வீட்டுக்கு என்று மட்டும் இவரிடம் சொன்னேன்.

ஜீப்பை விட்டு இறங்கி நடந்தேன். ஓடையில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் கல்லில் தாவி விளையாடுகிறார்கள். இதுவா என் பெண்ணைக் கொன்றது? இந்தத் தண்ணியா?

அந்தப் பாறையைச் சம்பந்தியம்மா காட்டினார். கொஞ்ச நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் தள்ளி நின்றார். அப்புறம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “கஷாயம் குடுத்துட்டனே சம்பந்தி. சூட்டு வலின்னு நெனச்சிட்டனே” என்று மாரில் அடித்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இருக்கிறது. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொட்டாம்பாறைப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ‘டீச்சரோட அம்மா’ என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் சொன்னதை உட்கார்ந்து கேட்டேன். இதே வழியில் செத்துப்போனவள் ஒருத்திக்குத் தங்கை. ஒருத்திக்கு மருமகள். ஒருத்தி பேறுகாலத்துக்குத் தூக்கிக்கொண்டு போன வழியில் பிள்ளையைப் பறிகொடுத்தவள், அதைச் சொல்லும்போதே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

“நாள் கிட்ட வந்ததும் முன்னாடியே கீழ எறங்கிடக் கூடாதா?” என்று கேட்டேன்.

இலக்கியா என்று ஒரு பெண், முழுகாமல் இருக்கிறாள். அவள்தான் சொன்னாள். “எறங்கி எங்கம்மா தங்கறது? ஆசுபத்திரில வலி வந்தாதான் சேத்துக்குவாங்க. அதுவரிக்கும் சோறு யாரு ஆக்கிப் போடுவா? கள்ளக்குறிச்சில எங்களுக்கு யாரு கீறாங்க?”

ரோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. நானாகக் கேட்டபோது, வந்தா நல்லதுதான் என்றார்கள். மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று பேசினேன். ரிஸ்பாளைப் பற்றி. தலைவர்கள் வரிசையில் அவள் வரமாட்டாள் என்று பாஸ்டர் சொல்லக்கூடும். சவுல் ராஜாவின் மறுமனையாட்டி. அவள் பிள்ளைகளைக் கொன்று மலையில் போட்டுவிட்டார்கள். அவள் ரட்டுத்துணியை, துக்கத்துக்கு உடுத்தும் சாக்குத்துணியை, பாறைமேல் விரித்து, அறுப்புக் காலம் தொடங்கி மழை பெய்யும்வரை அங்கேயே இருந்தாள். பகலில் பறவையை விரட்டினாள், இரவில் மிருகத்தை விரட்டினாள். அவள் ஒரு வார்த்தை பேசியதாக வேதத்தில் இல்லை. கடைசியில் தாவீது ராஜாவே எழுந்துபோய் எலும்புகளைச் சேர்த்து எடுத்து அடக்கம் பண்ணினான்.

“அவ மறியல் பண்ணல. அழுதுக்கினு வூட்டுலயும் கெடக்கல” என்று பேச்சுவழக்கிலேயே சொல்லிவிட்டேன். அதற்குமேல் முடியவில்லை. பெண்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

மார்ச் 3, திங்கள்

கொட்டாம்பாறைப் பெண்களும் நானும் தமிழ்வேந்தனும் குறைதீர்க்கும் கூட்டத்தில் ரோடு கேட்டு மனு கொடுத்தோம். அதிகாரி மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார். காட்டு நிலம், அனுமதி வர வேண்டும், நாளாகும், ஆனால் விடமாட்டேன் என்றார். நல்ல மனுஷன். அனுமதி வரும்வரை யாருக்கும் வலி வராமல் இருக்க வேண்டுமே.

மார்ச் 16, ஞாயிறு

பங்குனி பிறந்துவிட்டது.

சாப்பாடு போடும்போது இவரிடம் சொன்னேன். பல நாளாக மனசுக்குள் வைத்துப் பார்த்துப் பார்த்து, பிறகுதான் சொன்னேன். மலையிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் நாள் நெருங்கும்போது இங்கே வந்து தங்கட்டும். நான் ஆக்கிப்போடுகிறேன். ஆஸ்பத்திரி ஆட்டோவில் போகிற தூரம்தான். சபைப் பெண்கள் முறை வைத்துத் துணைக்கு வருவார்கள். விஜயலட்சுமி அக்கா சரி என்றுவிட்டாள்.

“எங்க தங்கறது?”

அபியின் அறைப் பக்கம் பார்த்தேன். அவரே புரிந்துகொண்டார்.

“அவ ரூமுலயா?” தட்டைத் தள்ளிவிட்டார். “அவ படுக்க வேண்டிய கட்டில்ல எவளோ வந்து புள்ள பெத்துக்கினு போவா, நான் பாத்துக்கினு இருக்கணுமா? ஒனக்கு நெஞ்சு இன்னா கல்லா?”

“கல்லுதாங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

இவர் வரவில்லை. வேலை நடக்கிற இடத்திலேயே, எலவனாசூர்கோட்டையில், தங்கியிருக்கிறாராம். கூட வேலை செய்கிறவர் சொல்லி அனுப்பினார்.

மார்ச் 20, வியாழன்

அபியின் அறையில் போய் நின்றேன். வெள்ளையடித்த வாசனை இன்னும் இருப்பதுபோல் இருக்கிறது. இருக்காது. இவர் சொல்வது நியாயம்தானே? நாளைக்கு ஒருத்தி இங்கே படுத்துக்கொண்டு வயிற்றைத் தடவினால் என்னால் தாங்க முடியுமா? பெரிய ஊழியக்காரி மாதிரி சொல்லிவிட்டேன். பெண்ணும் போனாள், வீட்டு மனுஷனும் போய்விட்டால்?

ஆண்டவரே, இது நீர் என் மனசில் வைத்ததா, நானே வைத்துக்கொண்டதா. தெரியவில்லை. தெரியாமலேதான் செய்ய வேண்டுமா.

மார்ச் 23, ஞாயிறு

சபையிலிருந்து வந்தால் வாசலில் மணலும் செங்கல்லும் இறங்கியிருக்கிறது. இவர் வீட்டுக்குப் பின்னால் நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க இது?”

“பாத்ரூமு. நெறமாசக்காரி மழையில வெளிய போய் வழுக்கி வுழுந்தா? ரூமுலேர்ந்தே வழி வுடறேன்.” நூலையே பார்த்துக்கொண்டு சொன்னார். “கட்டில மட்டும் வெளிய எடுத்துடு செல்வி. வேற கட்டில் போட்டுக்கலாம். அது என்னால ஆவாது.”

சரி என்றேன். உள்ளே போய்ச் சோறு வடித்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு. உயிர்த்தெழுந்த பண்டிகை

சபைக்குப் போனேன். இவரும் வந்தார், கடைசி வரிசையில். கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவத்தி வைத்தோம். காற்றில் நிற்கவே இல்லை. இவர் நாலு செங்கல்லை மறைப்பாக வைத்து ஏற்றினார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இலக்கியாவை அவள் மாமியார் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். வாசலிலேயே நின்றாள். “செருப்ப எங்கம்மா வுடறது?” என்று கேட்டாள். கால் வீங்கியிருக்கிறது. இரும்புக் கட்டில் போட்டிருக்கிறோம்.

மே 6, செவ்வாய்

வெறுக்கிறேன். எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வது. அவள் மாங்காய் கேட்கிறாள், வயிற்றில் உதைக்கிறது என்று என் கையை எடுத்து வைக்கிறாள். நல்ல பெண். டீச்சர் எனக்குக் கையெழுத்துப் போடக் கத்துக்குடுத்தாங்க என்று அபியைப் பற்றியே பேசுகிறாள். அதைக் கேட்க ஆசையாகவும் இருக்கிறது, வாயை மூடு என்று கத்த வேண்டும்போலவும் இருக்கிறது. இன்று மாங்காய் நறுக்கி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

நெகேமியாவுக்கு அலங்கம் கட்டும்போது வெளியிலிருந்துதான் எதிரிகள்.

மே 22, வியாழன்

இலக்கியாவுக்குப் பையன். விடிகாலையில் பனிக்குடம் உடைந்தது. முன்பே சொல்லிவைத்திருந்த பிரவீன்குமார் ஆட்டோ உடனே வந்துவிட்டது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ரத்தம் அதிகம் போகிறது என்று டாக்டரம்மா பரபரத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்து, “நல்லவேளை பக்கத்துலயே இருந்தீங்க. லேட்டாயிருந்தா கஷ்டம்” என்றார்.

பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். வீறிட்டு அழுதது. சம்பந்தியம்மா, தமிழ்வேந்தன், எல்லோரும் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். பிள்ளையை அவர்களிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் இவளுக்கு மட்டும். ஏன் எம்பொண்ணுக்கு இல்ல. அவளுக்கு ஏன் ஒரு டாக்டரு இல்ல, ஒரு சொட்டு ரத்தம் இல்ல, பாறையில வச்சி, மழையில வச்சி. துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். கார்த்திகைக்கு அப்புறம் இன்றுதான் இப்படி அழுகிறேன்.

வெளியே வந்தால் தமிழ்வேந்தன் சுவரோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் அழுதிருக்கிறான். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

ஜூன் 3, செவ்வாய்

இலக்கியா மலைக்குப் போய்விட்டாள். அறை காலி. இவர் ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

ஜூன் 19, வியாழன்

ரோடு அளக்க ஆள் வந்தார்களாம். கல் நட்டிருக்கிறார்களாம். தமிழ்வேந்தன் சொன்னான். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

இப்போது இரண்டு பேர். மலைமேல் சின்னதிருப்பதிப் பக்கத்திலிருந்து தமிழ்மொழி. கொட்டாம்பாறையிலிருந்து ஆண்டாள், அவளுக்கு இது இரண்டாவது. மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் இரண்டு பேருக்கும் சண்டை. ஃபேனுக்கு நேராக யார் படுப்பது என்று. ஒருத்தி பாயைச் சுருட்டிக்கொண்டு மலைக்கே போகிறேன் என்கிறாள். இன்னொருத்தி போ போ என்கிறாள்.

“இன்னாடி நெனச்சிக்கினு கீறீங்க ரெண்டு பேரும்? வயித்துல புள்ளய வச்சிக்கினு இப்பிடியா மல்லுக்கு நிப்பாங்க? ஆளுக்கு அரைநாள் படுங்க. சாப்ட்டுட்டு மாத்தர போட்டாச்சா?” என்று ஒரு சத்தம் போட்டேன். இரண்டு பேரும் கப்சிப். பின்பக்கம் சுவர் பூசிக்கொண்டிருந்த இவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் அவர்களுக்குச் சோறு போட்டு, கீரை கடைந்து, தமிழ்மொழியைச் செக்கப்புக்கு அழைத்துப்போய், வரும் வழியில் விஜயலட்சுமி அக்காவிடம் நாளைக்கு யார் துணைக்கு வருவது என்று கேட்டுவிட்டு வந்தேன்.

இன்று அபிக்குப் பிறந்தநாள். காலையில் எழுந்ததும் நினைவிருந்தது. நடுவில் மறந்துபோயிருக்கிறேன். சாயங்காலம் பால் காய்ச்சும்போதுதான் மறுபடி நினைவு வந்தது.